மேலான முறை காணும் வரையில்

பிணத்துக்கும் ரயில் டிக்கட்! அதிலும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு!

கட்டுக்கதை அல்ல, தோழர்களே. 1854-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், இலண்டன் மாநகரின் வாட்டர்லூப் பகுதியிலிருந்து சர்ரே மாவட்டத்துப் புரூக்வுட் இடுகாட்டுக்கு ஓடத் தொடங்கிய வண்டியைப் பற்றித்தான் கூறுகிறோம். அதை நடத்திய நிறுவனத்தின் பெயர் இலண்டன் நெக்ரோபோலிஸ் கம்பெனி. நெக்ரோபோலிஸ் என்றால் பிணநகரம். அழுதுகொண்டே உடன்செல்லும் உற்றார் மாலையில் வீடு திரும்ப வேண்டுமே, ஆகவே அவர்களுக்குப் போகவர டிக்கட். பெட்டிக்குள் படுத்திருப்பவர் திரும்பப் போவதில்லை, ஆகவே அவருக்கு ஒருவழி டிக்கட். கம்பெனிக்காரர்கள் கணக்கிலே கெட்டி! அதுமட்டுமா? ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த பிணம் இறங்க ஒரு நிலையம். அத்திருச்சபையை ஏற்காத கிறித்தவரின் பிணம் இறங்க வேறொரு நிலையம். உயிரோடு இருந்த நாளில் பணத்தாலும் மதத்தாலும் பிரிக்கப்பட்டவர்கள், ஒரே எஞ்சின் இழுத்த வண்டியிலும் பிரிக்கப்பட்டே பயணம் போயினர்.

படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், வாணியம்பாடிக்கு அருகே நாராயணபுரத்திலே, சுடுகாட்டுப் பாதையை மேல்சாதி நிலக்காரர்கள் மறித்துவிட்டதால், தாழ்த்தப்பட்ட தோழர் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்களே, அதை எண்ணும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. அந்த ரயிலாவது மூன்றாம் வகுப்பிலே ஏற்றிக்கொண்டது.

இந்தப் பழைய வண்டியின் வரலாற்றை ஏன் கிளறுகிறோம்? இறந்த உடலை என்ன செய்வது என்ற கேள்விக்கு, “இதுவே ஆண்டவன் வகுத்த வழி, ஆதிநாள் தொட்டு வந்த வழி” என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒரு விடையைச் சுட்டிக்காட்டுகிறது. அந்த விடை எப்போது பிறந்தது, யார் பெற்றெடுத்தார்கள், யார் அதன் கழுத்தை நெரிக்க முயன்றார்கள் என்று தேடிப் பார்ப்பார் இல்லை. இன்று மண்ணையும் நீரையும் காற்றையும் காக்கும் நோக்கத்தோடு புதிய ஈமமுறைகள் சில மேல்நாடுகளிலே தோன்றியுள்ளன. அவற்றைக் கேட்டதும் முகம் சுளிப்போர் நம்மிலும் உண்டு. முகம் சுளிக்குமுன் இங்கிலாந்து நாட்டில் நடந்ததைச் சற்றே அறிந்துகொள்வது நல்லது.

1801-இல் இலண்டனில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 10 இலட்சம். 1851-இல் 23 இலட்சத்துக்கும் மேல். உயிருள்ளோர் பெருகினால் உயிரற்றோரும் பெருகத்தானே வேண்டும்? ஆனால் கோயிலைச் சுற்றிக் கிடந்த இடுகாடு மட்டும் ஓர் அங்குலமும் வளரவில்லை. குருமார் மந்திரித்த புனித மண்ணில் புதைபட்டால்தான் நற்கதி என்ற நம்பிக்கையோ நாளுக்கு நாள் தளரவுமில்லை. விளைவு என்ன? புதைத்த குழியையே மீண்டும் தோண்டினர். மேலே இடமில்லாதபோது கீழே கிடந்தவரை வெட்டி அகற்றினர். சவப்பெட்டிப் பலகைகள் உடைபட்டு ஏழைகளின் அடுப்புக்கு விறகாயின.

டுரூரி லேன் வட்டாரத்திலே மருத்துவத் தொழில் புரிந்துவந்த ஜார்ஜ் ஆல்பிரட் வாக்கர் என்பார் இந்த இடுகாடுகளை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார். கண்டதை 1839-இல் நூலாக எழுதினார். ஊரார் அவருக்கு ‘இடுகாட்டு வாக்கர்’ என்றே பெயரிட்டனர். அவர் உலகறியச் செய்தவற்றுள் ஒன்று ஈனோன் சேப்பல் என்ற வழிபாட்டுக் கூடம். அதனை நடத்திய பாதிரியார் அடக்கக் கட்டணத்தைக் குறைத்தார். ஏழை மக்கள் நாடி வந்தனர். வழிபாட்டுக் கூடத்தின் தரைப்பலகைக்கு நேர் கீழே ஒரு நிலவறை. அந்தச் சிறு அறைக்குள் ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலத்தில் 12,000 உடல்கள் திணிக்கப்பட்டதாகக் கணக்குக் கூறப்பட்டது! மேலே ஜெபம், கீழே அழுகல். மேலே பரமண்டலத்தைப் பற்றிய பேச்சு, கீழே பலகை இடுக்கின் வழியே எழும் நாற்றம். பாதிரியார் மறைந்தபின் கட்டடம் கைமாறி நடன மண்டபமாயிற்று. பிணங்களின் மேல் நடனம் என்று விளம்பரம் செய்து கூட்டமும் சேர்த்தார்களாம். கடைசியில் வாக்கரே அந்த இடத்தை விலைக்கு வாங்கி, எலும்புகளைத் தம் செலவில் வேறிடத்துக்குக் கொண்டு சென்று புதைக்க ஏற்பாடு செய்தார். புனித மண்ணின் புனிதத்தைக் காப்பாற்றக் கடைசியில் ஒரு மருத்துவரின் பணப்பைதான் பயன்பட்டது.

1843-இல் எட்வின் சாட்விக் நகர அடக்கங்களைப் பற்றி அரசுக்கு அறிக்கை தந்தார். 1852-இல் சட்டம் வந்தது. இலண்டனின் பழைய இடுகாடுகள் மூடப்பட்டன. அதன் பிறகே புரூக்வுட் இடுகாடும், வகுப்புவாரிப் பிணவண்டியும்.

ஊருக்கு உள்ளே கிடந்த தொல்லை ஊருக்கு வெளியே போயிற்றே தவிர, தொல்லை தீர்ந்துவிடவில்லை. அதைத் தீர்க்க வேறு வழி சொன்னவர் ஹென்றி தாம்சன் என்ற அறுவை மருத்துவர். பெல்ஜிய மன்னருக்குச் சிகிச்சை செய்து புகழ் பெற்றவர். ஓவியம் தீட்டுவார், வானியல் ஆராய்வார், விருந்து படைப்பதிலும் பேர் போனவர். 1873-இல் வியன்னா நகரத்துப் பொருட்காட்சியிலே, இத்தாலி நாட்டுப் பதுவா நகரப் பேராசிரியர் புருனெட்டி வைத்திருந்த ஓர் உலையின் மாதிரியையும், அதிலிருந்து எடுத்த வெண்சாம்பலையும் கண்டார். கண்டவர் ஊர் திரும்பி, 1874 ஜனவரியில் ஏடு ஒன்றில் கட்டுரை தீட்டினார்.

அக்கட்டுரையின் வாதம் எளியது. இறந்த உடலை இயற்கை என்ன செய்கிறது? மெல்ல மெல்லக் கரியமில வாயுவாகவும், நீராகவும், அம்மோனியாவாகவும், மண்ணுப்பாகவும் பிரிக்கிறது. பிரிந்தவை செடிக்கு உணவாகின்றன. புதைகுழியில் அதற்குப் பல ஆண்டுகள் செல்கின்றன. அத்தனை ஆண்டும் சுற்றிலும் வாழ்வோருக்குக் கேடு. உலையிலே அதே வேலை ஓரிரு மணி நேரத்தில் முடிகிறது. அதோடு விட்டாரா? இங்கிலாந்து வயலுக்கு உரமிடுவதற்காக வெளிநாட்டிலிருந்து எலும்பைக் காசு கொடுத்து வாங்குகிறதே, இங்கே மடியும் இலட்சக்கணக்கானவரின் எலும்பு வீணே கிடக்கிறதே என்று கணக்கும் போட்டுவிட்டார்! சீமாட்டிகள் மயங்கி விழாததுதான் குறை. சுற்றுச்சூழல் என்ற சொல்லே மக்கள் நாவில் புழங்காத காலத்தில், மனித உடல் மண்ணுக்குத் திரும்ப வேண்டிய பொருள் என்று அந்த மருத்துவர் வெளிப்படையாக எழுதினார் என்பதை நாம் கருத்தில் வைக்க வேண்டும்.

1874 ஜனவரி 13-ஆம் நாள், விம்போல் தெருவிலிருந்த தாம்சன் இல்லத்தில் நண்பர்கள் கூடினர். நாவலாசிரியர் அந்தோணி டிரோலப், ஓவியர் மில்லே, ஆலிஸ் கதைக்குப் படம் வரைந்த டென்னியல் ஆகியோர் ஓர் அறிக்கையில் ஒப்பமிட்டவர்களுள் சிலர். அந்த அறிக்கையைப் பலர் புரட்டிப் பார்ப்பதில்லை. அது கூறியது இதுதான்: புதைக்கும் வழக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை, உயிருள்ளோரின் மனம் புண்படாமலும், எஞ்சியது யாருக்கும் தீங்கு தராமலும், உடலை விரைவில் அதன் மூலப்பொருள்களாகப் பிரிக்கும் ஏதேனும் ஒரு முறை வேண்டும், *இதைவிட மேலான முறை ஒன்று காணப்படும் வரையில்* எரித்தலை மேற்கொள்ள விரும்புகிறோம்.

மேலான முறை காணும் வரையில்! எரிப்பதே இறுதி என்று அவர்கள் எழுதவில்லை. தங்கள் கொள்கைக்குத் தாங்களே காலவரையறை எழுதி வைத்தனர். எந்த வேதமாவது, எந்தச் சாத்திரமாவது, எந்தத் திருச்சபைக் கட்டளையாவது இப்படி ஒரு வரியைத் தன்னுள் வைத்திருக்கிறதா? நாம் தேடிப் பார்த்த வரையில் இல்லை.

வைதீகம் வாளாவிருக்குமா? லிங்கன் நகரத்துப் பேராயர் வேர்ட்ஸ்வொர்த் அதே ஆண்டு ஜூலையில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நின்று பிரசங்கம் செய்தார். உடலை எரித்துவிட்டால், இறுதிநாளில் உடலோடு உயிர்த்தெழுவோம் என்ற நம்பிக்கை மக்கள் மனத்தில் குலைந்துவிடும் என்றார். ஷாப்ட்ஸ்பரி பிரபு நல்ல கிறித்தவர். அவரே இந்தப் பேச்சைப் பொறுக்கவில்லை. அப்படியானால், மதத்துக்காகக் கம்பத்தில் கட்டித் தீயிட்டுக் கொளுத்தப்பட்ட தியாகிகளின் கதி என்ன என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பேராயர் கூட்டத்தால் சரியான விடை சொல்ல முடியவில்லை. சர்வ வல்லமை படைத்த கடவுளுக்கு எலும்பைச் சேர்க்க முடியும், சாம்பலைச் சேர்க்க முடியாது என்பது எந்த ஊர் வல்லமை?

தகனச் சங்கத்தார் 1878-இல் வோக்கிங் என்னும் ஊரில் நிலம் வாங்கினர். விற்றது யார் தெரியுமோ? பிணவண்டி ஓட்டிய அதே நெக்ரோபோலிஸ் கம்பெனி! வியாபாரத்துக்கு வைதீகம் ஏது? லோடி நகரத்துக் கோரினி என்ற இத்தாலியப் பேராசிரியர் உலை கட்டினார். 1879 மார்ச் 17-இல் ஒரு குதிரையின் உடலை எரித்துச் சோதித்தனர். உலை நன்றாக வேலை செய்தது. குதிரை வெந்தது; ஊர் கொதித்தது. வட்டாரப் பாதிரியார் தலைமையில் கிளர்ச்சி மூண்டது. உள்துறை அமைச்சர் தடை போட்டார். கட்டிய உலை ஆறாண்டு காலம் சும்மா கிடந்தது.

இடையில் டார்செட் மாவட்டத்துக் காப்டன் ஹான்ஹம் என்பவர், தம் மனைவியும் தாயும் விரும்பியவாறு அவர்களின் உடல்களை எரிக்க அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. தம் தோட்டத்திலேயே உலை கட்டி 1882-இல் இருவரையும் எரித்தார். அரசு கண்ணை மூடிக்கொண்டது. சட்டம் என்ன சொல்கிறது என்பது அமைச்சருக்கே தெரியாத நிலை.

அதைச் சொல்ல வைத்தவர் டாக்டர் வில்லியம் பிரைஸ். வேல்சு நாட்டவர், 1800-இல் பிறந்தவர், சார்ட்டிஸ்ட் இயக்கத்திலே பங்குகொண்டு ஒரு காலத்தில் நாட்டைவிட்டே ஓட நேர்ந்தவர். நரித்தோல் தொப்பி அணிவார்; பழங்காலத் துருயிது குருவின் வாரிசு என்று தம்மைச் சொல்லிக்கொள்வார். அந்தப் பகுதி நமக்கு உடன்பாடல்ல. ஒரு மூடத்தை விட்டு இன்னொரு மூடத்தைப் பற்றியவர் என்று சொன்னாலும் தவறில்லை. ஆனால் துணிவுக்குக் குறைவில்லை. எண்பது வயதைக் கடந்தபின் தமக்குப் பிறந்த ஆண்மகவுக்கு ஏசு கிறிஸ்து என்றே பெயரிட்டார். அக்குழந்தை ஐந்தாம் மாதத்தில் மாண்டது. 1884 ஜனவரி 13, ஞாயிற்றுக்கிழமை. லாண்டிரிசண்ட் ஊர்க் குன்றின் உச்சியில், பீப்பாயில் எண்ணெய் ஊற்றி, மகனின் உடலுக்குத் தீ வைத்தார் கிழவர். கோயிலில் மாலை வழிபாடு முடித்து வந்த மக்கள் குன்றின்மேல் நெருப்பைக் கண்டு திரண்டனர். உடல் தீயிலிருந்து இழுக்கப்பட்டது. கிழவரை அடித்தே கொன்றிருப்பார்கள். போலீசார் கைது செய்ததால் உயிர் தப்பினார்.

கார்டிப் நகர நீதிமன்றத்தில் வழக்கு. நீதிபதி யார்? ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். 1869 முதல் 1872 வரை இந்தியாவில் வைசிராயின் நிர்வாக சபையில் சட்ட உறுப்பினராக இருந்தவர். 2024 ஜூன் வரை நம் நீதிமன்றங்களில் வழங்கிவந்த 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் அவர் கைவண்ணமே. பிணத்தை எரிக்கும் மக்கள் கோடிக்கணக்கில் வாழும் நாட்டுக்குச் சட்டம் எழுதிய அனுபவம் உடையவர். அவர் தீர்ப்பு: சட்டம் எதைத் தடுக்கவில்லையோ அது குற்றமாகாது, பிறருக்குத் தொல்லை தராமலும், மரண விசாரணையைத் தடுக்கும் நோக்கமின்றியும் எரிப்பதைத் தடுக்கும் சட்டம் இங்கிலாந்தில் இல்லை. பிரைஸ் மார்ச்சுத் திங்களில் தம் மகனின் உடலை எரித்து முடித்தார். 1893-இல் அவரே மாண்டபோது, அதே குன்றில் இரண்டு டன் நிலக்கரியை அடுக்கி அவரை எரித்தனர். பார்க்க வந்தவர்கள் 20,000 பேர் என்று கூறுவர். அடிக்க வந்த ஊரே, ஒன்பது ஆண்டு கழித்து வேடிக்கை பார்க்க வந்தது.

தீர்ப்பு வந்தும் பார்லிமெண்டு அசையவில்லை. தகனத்தை ஒழுங்குபடுத்தும் மசோதா 1884 ஏப்ரலில் 79-க்கு 149 என்ற கணக்கில் தோற்றது. ஆயினும் வோக்கிங் உலை 1885 மார்ச் 26-இல் முதல் மனித உடலை ஏற்றது. அந்த ஆண்டு நாட்டில் மாண்டோர் 5,97,357 பேர். அவருள் எரிக்கப்பட்டோர் எத்தனை பேர்? மூவர்! அடுத்த ஆண்டு பத்துப் பேர். 1902-இல்தான் தகனச் சட்டம் வந்தது. தாம்சன் 1904-இல் மறைந்தார். கோல்டர்ஸ் கிரீன் தகனக் கூடத்தில் எரிக்கப்பட்டார். மூவரில் தொடங்கிய எண்ணிக்கை, 1968-இல் புதைக்கப்படுவோரின் எண்ணிக்கையை முந்திற்று. இன்று அங்கே ஐவரில் நால்வர் எரிக்கப்படுகின்றனர். ரோமாபுரி 1886-இல் தகனத்தைத் தடுத்து ஆணையிட்டது. 1963-இல் தடையைத் தளர்த்திற்று. 77 ஆண்டுகளில் கடவுள் மனம் மாறினாரா, கர்தினால்மார் மனம் மாறினரா என்பதை அவர்களே விளக்கட்டும்.

இந்த இடத்தில் நம் நாட்டுச் சனாதனிகள் மார்தட்டக் கூடும். “பார்த்தீரா, எரிப்பதே சிறந்தது என்று வெள்ளைக்காரன் நம்மிடம் கற்றுக்கொண்டான்” என்பார்கள். அவசரம் வேண்டாம். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டைக் காட்டும் சாத்தனார், எரிப்பது ஒன்றை மட்டுமா காட்டுகிறார்? குழியில் இடுவதும் தாழியில் கவிப்பதும் உட்பட ஐந்து வகைகளைக் காட்டுகிறார். ஆதிச்சநல்லூர் மண்ணைத் தோண்டினால் வரிசை வரிசையாகத் தாழிகள். ‘ஆதிநாள் தொட்டு’ என்ற பேச்சு நம்மிடமும் செல்லாது. மேலும், உலையில் எரிப்பது வேறு, ஆற்றங்கரையில் விறகடுக்கி எரிப்பது வேறு. ஓர் உடலுக்குச் சில நூறு கிலோ மரம். விறகு வாங்க வசதியற்றவரின் உடல் அரைகுறையாக வெந்து ஆற்றில் தள்ளப்படும். 1986-இல் தொடங்கிய கங்கைத் தூய்மைத் திட்டத்தில் மின் தகனக் கூடங்களும் இடம்பெற்றன. வேகாத உடல்களைத் தின்பதற்கென்று ஆமைகளை வளர்த்தும் ஆற்றில் விட்டனர். மோட்சம் தரும் நதிக்கு ஆமைதான் துப்புரவுத் தொழிலாளி!

அமெரிக்கக் கதையும் ஒன்று உண்டு. நம் அடையாற்றுக்கு உறவுடையது. பென்சில்வேனியா மாநிலத்து வாஷிங்டன் நகரில் லெமாய்ன் என்ற மருத்துவர் 1876-இல் தம் நிலத்தில் தகன உலை கட்டினார். அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட பெருமகன். இடுகாட்டு ஊறல் மக்கள் குடிக்கும் நீரைக் கெடுக்கிறது என்பது அவர் கவலை. அங்கே முதலில் எரிக்கப்பட்ட டி பாம் என்பவரின் உடலைக் கொண்டு வந்தவர் கர்னல் ஆல்காட். பின்னாளில் அடையாற்றில் அமர்ந்து பிரம்மஞானம் போதித்த அதே ஆல்காட். நல்ல காரியத்துக்குச் சில வேளை ஆவியுலக அன்பர்களும் தோள் கொடுத்தார்கள் என்று எழுதிவைப்போம்.

இதுவரை சீர்திருத்தக்காரர்களின் வெற்றியைக் கூறினோம். அவர்களின் பிழையையும் கூறாவிட்டால் நாம் எழுதுவது வரலாறல்ல, புராணம். வாக்கரும் சாட்விக்கும் அழுகலின் ஆவியே கொள்ளை நோய்களுக்குக் காரணம் என்று நம்பினர். அது தவறு. காலரா நீரின் வழியே பரவுகிறது என்பதை 1854-இல் ஜான் ஸ்னோ இலண்டன் தெருக் குழாயைச் சுட்டிக்காட்டி விளக்கினார். காற்றைக் காப்பதற்காகவென்று எழுப்பிய உலையின் புகைபோக்கியோ, பின்னர் காற்றைக் கெடுப்பதாகத் தெரிந்தது. உலைக்குள் 800 முதல் 1,000 டிகிரி வரை வெப்பம் வேண்டும். அதற்கு எரிவாயு வேண்டும். ஒவ்வோர் உடலுக்கும் அவ்வளவு வாயு எரிந்து கரியமில வாயுவாகிறது. இன்னொன்று, பல். சொத்தைப் பல்லை அடைக்கும் வெள்ளிக் கலவையில் எடையில் பாதியளவு பாதரசம். அது ஆவியாகி, மழையோடு இறங்கி, நீரில் கலந்து, மீனின் உடலில் சேர்ந்து, கடைசியில் உயிருள்ளவனின் உணவுத் தட்டுக்கு வருகிறது. 2012 முடிவதற்குள் தகனங்களில் பாதியளவுக்கேனும் பாதரச வடிகட்டி இருக்கவேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு 2005-இல் விதித்தது.

சரி, புதைப்பதற்கே திரும்பிவிடலாமா? எப்படிப் புதைப்பது என்பதைப் பொறுத்தது அது. அமெரிக்காவிலே 1865-இல் லிங்கனின் உடலுக்கு மருந்தேற்றி, ரயிலில் ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். பிறகு அது மக்களின் வழக்கமாயிற்று. இரத்தத்தை வடித்துவிட்டு மருந்து நீரை ஏற்றுவது, உலோகப் பெட்டியில் வைப்பது, அந்தப் பெட்டியைச் சுற்றிச் சிமெண்டு அறை கட்டுவது. பிற்காலத்தில் அந்த மருந்தாக வந்த பார்மால்டிஹைடு புற்றுநோய் தருவது என உலக ஆய்வு நிறுவனம் 2004-இல் வகைப்படுத்தியது. மண்ணுக்குள்ளே போகிறோம், ஆனால் மண் நம்மைத் தொடக்கூடாது. எத்தகைய தீண்டாமை இது!

இதற்கு மாறாக, 1993-இல் இங்கிலாந்தின் கார்லைல் நகர இடுகாட்டு அதிகாரி கென் வெஸ்ட் ஒரு சிறு மாற்றத்தைச் செய்தார். மருந்தேற்றாத உடல், எளிதில் மக்கும் பெட்டி அல்லது துணி, கல்லறைக் கல்லுக்குப் பதில் ஒரு மரக்கன்று. வேறொன்றுமில்லை. இன்று அந்நாட்டில் இத்தகைய இடுகாடுகள் இருநூறுக்கு மேல். துணி சுற்றிப் பெட்டியின்றிப் புதைக்கும் முஸ்லிம் தோழர்களின் வழக்கத்துக்கும், நம் நாட்டில் உழைக்கும் மக்கள் பலரின் வழக்கத்துக்கும் இது மிக நெருங்கியது என்பதைச் சொல்ல நாம் தயங்கவேண்டியதில்லை. பழையது என்பதால் ஒன்றை ஏற்பதில்லை என்போம். பழையது என்பதாலேயே ஒன்றைத் தள்ளுவதும் இல்லை.

நீரால் கரைக்கும் முறை ஒன்றும் உண்டு. 1888-இல் ஆமோஸ் ஹெர்பர்ட் ஹாப்சன் என்பவர், மாண்ட விலங்குகளின் உடலைக் காரநீரில் கரைத்து உரமும் வச்சிரமும் செய்ய அமெரிக்காவில் உரிமை பெற்றார். நூறாண்டு கழித்து, 1990-களில், நியூயார்க் மாநிலத்து ஆல்பனி மருத்துவக் கல்லூரியில் சோதனைக்கூட விலங்குகளின் உடல்களை அகற்ற அம்முறையைச் செப்பனிட்டனர். இரும்புக் கலத்தில் உடலை வைத்து, நீரும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் ஊற்றி, அழுத்தத்தில் 150 டிகிரி அளவுக்குச் சூடேற்றினால், சில மணி நேரத்தில் தசை கரைந்துவிடும். வெள்ளெலும்பு மட்டும் எஞ்சும். அதைப் பொடியாக்கி உறவினரிடம் தருவர். புகை இல்லை. பல்லின் பாதரசம் பல்லோடேயே நின்றுவிடுகிறது. தகனத்தைவிட மிகக் குறைந்த எரிபொருள். 2003-இல் மின்னசோட்டா மாநிலம் இதற்குச் சட்ட ஒப்புதல் தந்தது.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறியை எதிர்த்து நின்ற பேராயர் டெஸ்மண்ட் டூட்டு 2021 டிசம்பர் 26-இல் மறைந்தார். கயிற்றுப் பிடி வைத்த மலிவான மரப்பெட்டி போதும் என்றும், தம் உடலை இந்த நீர்முறையிலேயே கரைக்க வேண்டும் என்றும் சொல்லிவைத்திருந்தார். அவ்வாறே செய்தனர். எஞ்சிய எலும்புத் தூள் 2022 ஜனவரி 2-இல் கேப் டவுன் பேராலயத்தில் வைக்கப்பட்டது. 1874-இல் உலையைக் கண்டு பதறியவரும் ஆங்கிலத் திருச்சபைக் குடும்பத்துப் பேராயர். 2021-இல் உலையையும் கடந்து சென்றவரும் அதே குடும்பத்துப் பேராயர். மதம் மாறவில்லை, மனிதர் மாறினார்.

மண்ணாக்கும் முறை இன்னும் இளையது. கால்நடைகளின் உடல்களை மரத்தூள் மூட்டத்தில் மக்கவைக்கும் வழி உழவர்களுக்கு முன்னரே தெரியும். கேத்ரினா ஸ்பேட் என்ற பெண்மணி அதை மனித உடலுக்கும் பொருத்தலாம் என்று எண்ணினார். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக் கழகத்து மண்ணியல் அறிஞர் லின் கார்ப்பெண்டர்-பாக்ஸ், தம் உடலைத் தாமே கொடையாக எழுதிவைத்த ஆறு பேரின் உடல்களைக் கொண்டு 2018-இல் ஆராய்ந்தார். மரச்சீவல், வைக்கோல், குதிரைமசால் ஆகியவற்றின் நடுவே உடலை வைத்துக் காற்றோட்டம் தந்தால், நுண்ணுயிர்கள் தாமே 55 டிகிரிக்கு மேல் வெப்பத்தை எழுப்பி நோய்க்கிருமிகளை அழிக்கின்றன. சில வாரங்களில் உடல் ஒரு கன கெஜம் மண்ணாகிறது. எல்லா உடலையும் ஏற்பதில்லை; எபோலாவாலோ காசநோயாலோ மாண்டவரின் உடலை ஏற்க மறுக்கின்றனர். 2019 மே திங்களில் வாஷிங்டன் மாநிலம் சட்டம் இயற்றிற்று. கொலராடோ, ஆரிகன், வெர்மாண்ட், கலிபோர்னியா பின்தொடர்ந்தன. நியூயார்க் 2022-இன் கடைசி நாளில் ஒப்புதல் தந்தது. அங்கே கத்தோலிக்கச் சபையார் எதிர்த்தனர். வீட்டுக் குப்பைக்குச் செய்வதை மனித உடலுக்குச் செய்வதா என்றனர். உரத்தைப் பற்றித் தாம்சன் எழுதியபோது எழுந்த அதே குரல்தான். 148 ஆண்டில் ராகம் மாறவில்லை.

புதுமை என்று சொன்னதையெல்லாம் நம்பிவிடுவதும் பகுத்தறிவு ஆகாது. சுவீடன் நாட்டில் உடலைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, அதிரவைத்துத் தூளாக்கும் திட்டம் ஒன்று பல ஆண்டுகள் செய்தித்தாள்களை நிரப்பிற்று. ஒரு மனித உடலும் அம்முறையில் தூளாகவில்லை. 2015-இல் கம்பெனி மூடப்பட்டது. விலையையும் பார்க்கவேண்டும். மண்ணாக்கும் நிலையம் 2020-இல் சியாட்டில் அருகே தொடங்கியபோது 5,500 டாலர் கேட்டது; பின்னர் 7,000 டாலர். மூன்றாம் வகுப்பு டிக்கட் அந்த வண்டியில் இன்னும் அச்சாகவில்லை.

தாம்சன் பிறந்த நாட்டில் நிலை என்ன? 2017-இல் நடு இங்கிலாந்தின் ரவுலி ரெஜிஸ் தகனக் கூடத்தில் நீர்முறையைத் தொடங்க நகராட்சி ஒப்புதல் தந்தது. உடல் கரைந்த நீரைச் சாக்கடையில் விட வட்டார நீர்வழங்கும் கம்பெனி ஒப்பவில்லை, திட்டம் நின்றது. நாள்தோறும் மருத்துவமனைகளும் இறைச்சிக் கூடங்களும் அனுப்பும் கழிவை ஏற்கும் சாக்கடைக்குத் திடீரென்று ஆசாரம் வந்துவிட்டது! 1902-ஆம் ஆண்டுத் தகனச் சட்டம் எரிப்பதைப் பற்றிப் பேசுகிறதே அன்றி, நீரைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் பேசவில்லை. செய்யாதே என்று தடுக்கும் சட்டமும் இல்லை, செய்வதை ஒழுங்குபடுத்தும் சட்டமும் இல்லை. இப்புதிய முறைகளுக்கு விதி வகுப்பது பற்றி ஆராயும் பணியை இங்கிலாந்து, வேல்சுச் சட்ட ஆணையம் 2024-இல் மேற்கொண்டது. கார்டிப் மன்றத்தில் நரித்தோல் தொப்பிக் கிழவர் நின்ற இடத்தில், 140 ஆண்டு கழித்து அந்த நாட்டுச் சட்டம் மறுபடியும் வந்து நின்றது.